எத்தனை வாட் வேண்டும்? பழைய ஸ்பீக்கர் மரபுகளும் ஆம்ப்ளிஃபயர் பொருத்தமும்

பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி கைக்கு வந்ததும் எவரும் முதலில் கேட்பது, இதற்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் போடலாம் என்றுதான். விடை தேடிப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணை நம்பி ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்று அது ஓர் உத்தேசம் சொல்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு கொடுத்தால் அது நன்றாகப் பாடும், எதைக் கொடுத்தால் கெட்டுப்போகும் என்ற இரண்டு விஷயங்களும் அதில் இல்லை. 1940களுக்கும் 1970களுக்கும் இடையே ஹை-ஃபை உலகில் தழைத்த ஸ்பீக்கர் மரபுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடுகின்றன. அந்த விதத்தைத் தெரிந்துகொண்டு ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பவருக்குத் தவறு நேர்வது அரிது.

மூத்தது ஹார்ன் மரபு. வாட் விலை உயர்ந்த சரக்காக இருந்த காலத்தில் பிறந்தது அது. 1947இல் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற வால்வு ஆம்ப்ளிஃபயரே 15 வாட்தான். அதற்கு ஓராண்டு முன் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் தம் கிளிப்ஷ்ஹார்னைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அறையின் மூலையில் நிற்கும் அந்தப் பெட்டிக்கு இருபுறச் சுவர்களே ஹார்னின் நீட்சியாகின்றன. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 104 டெசிபெல் ஒலிக்கிறது. வீட்டில் கேட்கும்போது பெரும்பாலான நேரம் அது ஒரு வாட்டில் சிறு பங்கைக்கூடச் செலவழிப்பதில்லை. ஆகவே ஆம்ப்ளிஃபயரின் கடைசி வாட்டைப் பற்றிக் கவலைப்படுவது வீண். முதல் வாட் சுத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி. பெரிய ஆம்ப்ளிஃபயரின் மெல்லிய இரைச்சலும், தொடக்ககால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் தாழ்ந்த ஒலியில் காட்டிய கரகரப்பும் மற்ற ஸ்பீக்கர்களில் காதில் விழாமல் போகலாம். ஹார்னில் தப்பாமல் விழும். இங்கே கெடுவது இசை. கருவிக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதற்கு நேர்மாறான மரபை 1954இல் எட்கர் வில்சர் தொடங்கினார். மாசசூசெட்ஸில் அவர் நிறுவிய அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்), இறுக மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபருக்கு ஸ்பிரிங்காக வைத்தது. அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழ்ந்த பாஸ் வந்தது. அதற்கான விலையும் உண்டு: பெட்டி சிறியதாக, பாஸ் ஆழமாக, செயல்திறன் உயர்ந்ததாக மூன்றும் சேர்ந்து அமையாது, ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்கிறது ஹாஃப்மனின் இரும்பு விதி. வில்சர் செயல்திறனை விட்டார். 1967இல் வந்த ஏஆர்-3ஏ, வெறும் 4 ஓம் சுமையாகவும் நின்று ஆம்ப்ளிஃபயரிடம் நிறைய மின்னோட்டம் கேட்டது. அந்நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் இசைக்குழுவை மேடையேற்றி, நேரடி இசையையும் ஒலிப்பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்த நிகழ்ச்சிகளில் டைனகோ ஆம்ப்ளிஃபயர்கள் உழைத்தன. இந்த மரபில் கெடுவது வெப்பத்தால்: நீண்ட நேரம் உரக்க ஓட்டினால் வாய்ஸ் காயில் சூடேறிக் கருகும். தயாரிப்பாளர்களே ஃபியூஸ் போட்டுக்கொள்ளச் சொன்னது இதனால்தான். தாராளமான வாட்டும் அளவறிந்த கையும் இரண்டுமே இதற்கு வேண்டும்.

ஆங்கிலேய மரபில் சற்று நின்று பார்க்க வேண்டும். என் வாதம் மிகத் தெளிவாகப் புலப்படுவது அங்கேதான். பீட்டர் வாக்கரின் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் 1957இல் விற்பனைக்கு வந்தது. அதில் கூம்பும் இல்லை, சூடேற வாய்ஸ் காயிலும் இல்லை. துளையிட்ட தகடுகளுக்கு நடுவே உயர் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் அதிர்கிறது. அதன் எல்லையை வகுப்பது வோல்ட். உச்சத்தில் 33 வோல்ட்டைத் தாண்டினால் தகட்டுக்கும் படலத்துக்கும் இடையே பொறி பாய்ந்து படலம் ஓட்டையாகலாம். அதோடு சேர்த்துப் பயன்படுத்தப்பட்ட குவாட் II வால்வு ஆம்ப்ளிஃபயரின் 15 வாட்டில் அந்த அபாயம் இல்லை. 1967இல் வந்த குவாட் 303, 8 ஓமில் 45 வாட் தருவது; அதன் உச்சம் சுமார் 27 வோல்ட். 1975இன் குவாட் 405, 8 ஓமில் 100 வாட் தருவது; உச்சம் 40 வோல்ட். அதனால்தான் அதை இந்த ஸ்பீக்கரோடு சேர்க்கும்போது மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் தேவைப்பட்டது. உயர்ந்த ஸ்வரங்களில் இந்த ஸ்பீக்கரின் மின்மறுப்பு 2 ஓம் அருகே இறங்கிவிடுவதால், சுமை கண்டு தடுமாறும் ஆம்ப்ளிஃபயரும் ஆகாது. பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ இன்னொரு பாடம். ஒரு வாட்டுக்கு 83 டெசிபெல்லைக்கூட எட்டாத சிறு பெட்டி அது. அதற்குச் சொல்லப்பட்ட 25 வாட்டை முழுதாகக் கொடுத்தாலும், கிளிப்ஷ்ஹார்ன் கால் வாட்டில் எழுப்பும் ஒலியைத்தான் நெருங்கும். ஆரம்பகால எல்எஸ்3/5ஏ 15 ஓம் என்பதால், 8 ஓமில் 50 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் இதற்குள் ஏறக்குறைய 27 வாட்தான் செலுத்தும். பெட்டியில் 25 என்றும் ஆம்ப்ளிஃபயரில் 50 என்றும் படித்துப் பயந்தவர், ஏறத்தாழச் சரியான ஜோடியைக் கைவிட்டிருப்பார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்பீக்கரைக் கெடுப்பது பெரிய ஆம்ப்ளிஃபயர் அல்ல, சக்தி போதாத சின்ன ஆம்ப்ளிஃபயர்தான் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. எல்லை மீறி முடுக்கப்பட்ட ஆம்ப்ளிஃபயர் அலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. உச்சி ஏறாமல் நிற்க, சராசரி ஆற்றல் மட்டும் ஏறிக்கொண்டே போய் ட்வீட்டரைச் சுடுகிறது. ஆனால் இது ஏஆர் போன்ற வாட் கேட்கும் மரபுக்குப் பொருந்தும் நியாயம். ஹார்ன் ஸ்பீக்கரை வைத்திருப்பவர் வீட்டில் அந்த எல்லையைத் தொடுவதே அபூர்வம். குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கோ, பெரிய ஆம்ப்ளிஃபயர் பாதுகாப்பு என்ற அறிவுரை நேரடியாக ஆபத்தானது. ஒரு மரபின் அனுபவத்தை எல்லாவற்றுக்கும் சட்டமாக்கியதில்தான் குழப்பம்.

அளவுகோல்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவை ஆம்ப்ளிஃபயர் எண்ணை ஒழுங்குபடுத்தியது உண்மை. அமெரிக்காவில் ‘மியூசிக் பவர்’, ‘பீக் பவர்’ என்று ஊதிப் பெருக்கிய விளம்பரங்களுக்கு 1974இல் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி கடிவாளம் போட்டது. ஜெர்மனியின் டிஐஎன் 45500 தரம், ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட் இருந்தாலே ஹை-ஃபை என்று ஏற்றது. அறையில் கேட்க எவ்வளவு குறைவாகப் போதும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் ஸ்பீக்கர் பக்கத்து எண்ணை இவை சரிசெய்யவில்லை. அதோடு அந்த எண் புதுப் பெட்டிக்குச் சொன்னது. ஐம்பது ஆண்டில் ஏஆர்-3ஏ வூஃபரின் ஃபோம் விளிம்பு பொடிந்திருக்கும், கிராஸ்ஓவர் கெப்பாசிட்டரின் மதிப்பு விலகியிருக்கும். விளிம்பை மாற்றி, கெப்பாசிட்டரைச் சோதித்து, குவாட் என்றால் உயர் மின்னழுத்தப் பகுதி சரியாக இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே ஆம்ப்ளிஃபயரைத் தேடிப் புறப்பட வேண்டும். கடையில் கேட்க வேண்டியவையும் வாட் ஒன்றோடு முடிவதில்லை: என் ஸ்பீக்கரின் ஓமில் இது எத்தனை வோல்ட் தருகிறது, 4 ஓமுக்குக் கீழே நிலையாக நிற்குமா, ஒலியைக் குறைத்து வைத்தால் இரைச்சல் கேட்கிறதா.