போதிகையும் காலநிர்ணயமும்

தென்னாட்டுக் கோயில் ஒன்றனுள் நுழைந்து, தூண்களையும் விமானத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்த மாத்திரத்தில், இது பல்லவர் காலத்தது, இது முற்காலச் சோழர் திருப்பணி, இந்த மண்டபம் நாயக்கர் நாளில் சேர்ந்தது என்று இன்று நம்மிற் பலர் தயக்கமின்றிச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்லும் ஆற்றலை முதன்முதலில் ஒழுங்குபட வகுத்துத் தந்தவர் புதுச்சேரியில் ஆசிரியத் தொழில் புரிந்த ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. கபிரியேல் ழூவோ துப்ரேய் என்பது அவர் பெயர். 1885இல் சைகோனில் பிறந்து, இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்து, அங்குப் பிரெஞ்சு அரசினர் நடத்திய கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்த அவர், தென்னிந்தியக் கட்டடக் கலையையும் தெய்வத் திருவுருவங்களின் இலக்கணத்தையும் பற்றிய தம் ஆராய்ச்சியை 1914இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். அதன் பயனாகிய திராவிடக் கட்டடக் கலை நூல், எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பாசிரியராக இருந்து முன்னுரை வழங்க, 1917இல் ஆங்கிலத்தில் வந்தது. பல்லவர் சரித்திரமும் அதே ஆண்டில் வெளியாயிற்று. தக்கணத்தின் பழஞ்சரித்திரம் 1920இல் தொடர்ந்தது. சித்தன்னவாசல், பனைமலை, காஞ்சி கைலாசநாதர் கோயில் ஆகிய இடங்களின் ஓவியங்கள் உலகறிய வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அரிக்கமேட்டின் மண்ணில் கிடைத்த மணிகளையும் உரோமானியச் சின்னங்களையும் கண்டு அவ்விடத்தின் தொன்மையை உணர்ந்தவரும் அவரே. 1945இல் அவர் காலமானார்.

இத்தகையவரைத் தொல்பொருளாராய்ச்சியாளர் என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிடுவது வழக்கம். எனினும் ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையிலான தமிழகத்தைத் தம் ஆராய்ச்சிக்களமாகக் கொண்ட அவரை, இடைக்காலச் சரித்திராசிரியர் என்று சொல்வதே பொருத்தமென்பது என் அபிப்பிராயம். பிரான்சு தேசத்து இடைக்கால மாதாகோயில்களை அவற்றின் வளைவுகளையும் தூண்தலைகளையும் கொண்டு காலவாரியாக வகுத்த அர்சிஸ் த கோமோன் முதலிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரியோர் வளர்த்த சம்பிரதாயம் ஒன்று அந்நாட்டில் இருந்தது. அந்தச் சம்பிரதாயத்தின் தமிழ்நாட்டுக் கிளையாகவே துப்ரேயின் பணியை நான் காண்கிறேன்.

அவருடைய முறையின் சாரம் இதுதான். கோயிலின் மொத்த உருவம் காலத்துக்குக் காலம் அதிகம் மாறுவதில்லை. அதிஷ்டானம், சுவர், கபோதம், விமானம், சிகரம் என்ற அடுக்கு பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பேரன்மார் நாளில் எப்படியிருந்ததோ ஏறக்குறைய அப்படியே இன்றும் இருக்கிறது. ஆதலால் பெரியனவற்றை விட்டுச் சிறியனவற்றைப் பார்க்க வேண்டும். தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே கைநீட்டித் தாங்கும் போதிகை, கபோதத்தின் மேல் லாட வடிவில் அமையும் கூடு, சுவரில் மூர்த்தங்களுக்கு இடந்தரும் கோஷ்டம், அதன் தலையில் வளையும் தோரணம், வெற்றுச் சுவரை அணிசெய்யும் பஞ்சரம் ஆகிய சிற்றுறுப்புகளே தலைமுறைதோறும் மாறிக்கொண்டு வருபவை. அவற்றின் பரிணாமத்தை வரிசைப்படுத்தினால் கோயிலின் காலம் தானே வெளிப்படும். இதற்காக அவர் ஏட்டுச் சாஸ்திரங்களை மட்டும் நம்பியிருக்கவில்லை. தம் காலத்தில் உளி பிடித்து வேலை செய்துகொண்டிருந்த ஸ்தபதிகளிடம் சென்று, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் இலக்கணத்தையும் கேட்டறிந்து, உயிரோடிருக்கும் மரபிலிருந்து படிப்படியாகப் பின்னோக்கி நடந்தார். அறிந்த நிகழ்காலத்திலிருந்து அறியாத பழங்காலத்துக்குச் செல்லுதல் என்ற இந்நெறியைப் பிரெஞ்சு நாட்டு வயல்வெளிகளின் சரித்திரத்துக்கு மார்க் பிளாக் 1931இல் கையாண்டு புகழ்பெற்றார். அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே தமிழகத்துக் கற்றூண்களுக்கு அதனைத் துப்ரேய் கையாண்டுவிட்டார் என்பதை நினைக்க மனம் மகிழ்கிறது.

போதிகை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பல்லவர் குடைவரைகளில் அது உருண்டு வளைந்து, முகப்பில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்தாற்போன்ற தரங்க வரிகளைத் தாங்கியிருக்கும். பல இடங்களில் அவ்வலைகளின் குறுக்கே நடுவில் ஒரு பட்டை ஓடும். சோழர் கைக்கு வந்ததும் வளைவு மறைந்து, சாய்வாக வெட்டப்பட்ட முகமும், அதன் நடுவே துருத்தி நிற்கும் சிறு பட்டையுமாக அது கட்டிறுக்கமான வெட்டுப் போதிகையாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் துருத்தல் மெல்ல நீண்டு, நுனியில் மொட்டின் சாயல் அரும்புகிறது. விஜயநகர காலத்தில் மொட்டு கீழ்நோக்கித் தொங்கிப் புஷ்பப் போதிகையாக மலர்கிறது. நாயக்கர் மண்டபங்களிலோ அது பெருத்துக் கனத்து, ஏறிட்டு நோக்குவோர் தலைக்குமேல் தொங்குகிறது. கூடும் இப்படியே. பல்லவர் கூட்டின் உச்சி மண்வாரியின் தகடுபோல் தட்டையாயிருக்க, சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் ஏறிக்கொள்கிறது. கல்வெட்டுப் படிக்கத் தெரியாத எளிய மனிதனும் தலையை நிமிர்த்திப் பார்த்து இவற்றை அறிந்துகொள்ளலாம் என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. பண்டிதர் சிலரின் உடைமையாயிருந்த காலநிர்ணயத்தை ஊராரனைவருக்கும் பொதுவாக்கிய உபகாரத்துக்கு ஈடாகச் சொல்ல எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கல்வெட்டு இருக்கும்போது போதிகை எதற்கு என்று கேட்பாரும் உளர். கல்வெட்டின் காலம் வேறு, அது நிற்கும் சுவரின் காலம் வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். திருமழபாடியில் முதலாம் இராஜராஜன் பழைய விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, அங்கிருந்த பழஞ்சாசனங்களைப் படியெடுத்து வைத்து, கட்டடம் முடிந்தபின் புதுச்சுவரில் மீண்டும் வெட்டினார்கள். இவ்வாறு படியெடுத்ததாகச் சொல்லும் குறிப்பு இல்லாத இடத்தில், முன்னோனொருவன் பெயரைத் தாங்கிய சாசனத்தை மட்டும் நம்பி, பிற்காலச் சுவரைப் பழஞ்சுவரென்று கொண்டு மயங்குவது எளிது. அத்தகைய மயக்கத்தைத் தடுக்க வல்லது உறுப்புகளின் சாட்சியமே.

குறைகளுக்கு வருவோம். முதற்குறை, இம்முறை காலத்தை ஒற்றைக் கோடாகக் கருதுவது. மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராஜசிம்மன் பாணி என்று மாமல்லபுரத்துப் பணிகளைத் துப்ரேய் வகுத்த முறையையே பின்வந்தோர் பெரும்பாலும் பின்பற்றிவர, 1962இல் இரா. நாகசாமி அவ்வடிப்படையையே மறுத்து, அங்குள்ள வேலைகள் அனைத்தும் இராஜசிம்மன் ஒருவன் காலத்தனவே என்று வாதிட்டார். அம்முடிவை எல்லோரும் ஒப்பினாரல்லர். ஆயினும் ஒரே அரசன் ஆட்சியில், ஒரே மலையில், பல பாணிகள் அருகருகே தோன்றக்கூடும் என்று அவர் எழுப்பிய வினாவுக்குத் துப்ரேயின் முறைக்குள்ளிருந்தே விடை சொல்ல இயலவில்லை. சிற்பி ஒருவன் பழமையை விரும்பிப் பழைய வடிவைச் செதுக்கலாம். பொருள் தீர்ந்துபோய்ப் போதிகையைக் கரடாகவே விட்டுவிடலாம். காஞ்சியின் மணற்கல்லில் எளிதாக ஓடிய உளி, வேற்றூர்க் கருங்கல்லில் அலைவரியைத் தவிர்த்துவிட்டுச் செல்லவும் கூடும்.

இரண்டாவது குறை நம் கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோரை நேரே தொடுவது. ஆதலின் அதைச் சற்று விரித்தே கூற வேண்டும். அனுமானப் பிரமாணத்துக்கு வியாப்தி வேண்டுமென்று தருக்க நூலார் கூறுவர்: புகையுள்ள இடமெல்லாம் நெருப்புண்டென்பது பல இடங்களிற் பார்த்து உறுதிப்பட்ட பின்னரே, மலைமேற் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம். இன்ன போதிகை இன்ன நூற்றாண்டு என்ற வியாப்தியைத் துப்ரேய் பெரும்பாலும் தொண்டை நாட்டிலும் சோழ நாட்டிலும் பார்த்தே நிறுவினார். அதனைப் பாண்டி நாட்டுக்கு, அதிலும் மேற்கு மலையடிவாரத்துக்கு, அப்படியே கொண்டுவந்து பொருத்துவது நியாயமாகாது. கிருஷ்ணை நதிக்கரையிலிருந்து மகேந்திரவர்மன் கொணர்ந்த குடைவரைக் கலையே தமிழகத்துக் கற்கோயில்களுக்கெல்லாம் தொடக்கம் என்று அவர் கொண்டார். ஆனால் மலையடிக்குறிச்சியில் பாண்டியன் மாறன் சேந்தன் காலத்துக் குடைவரை ஏழாம் நூற்றாண்டிலேயே இருந்ததும், பிள்ளையார்பட்டிக் குடைவரை அதனினும் முந்தியதாகலாம் என்று அறிஞர் பலர் கருதுவதும், பாண்டி நாடு காஞ்சியை எதிர்பார்த்து நின்ற நாடன்று என்பதைக் காட்டுகின்றன.

பழஞ்சாசனங்கள் அளநாடு என்று வழங்கும் இப்பள்ளத்தாக்கில் கிடைக்கும் சான்றுகளோ வேறு வகையின. உத்தமபாளையத்தில் கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்துகள் உள்ளன. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் அவற்றுள் வருகிறது. அங்கே தூணுமில்லை, போதிகையுமில்லை. பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி வேரூன்றிய பிறகே பாண்டி நாட்டில் வட்டெழுத்து அருகித் தமிழெழுத்து பரவியது; ஆதலால் எழுத்தின் வடிவே இங்குக் காலத்தை அளக்கச் சிறந்த கருவியாகிறது. சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடுகளை எடுத்துக்கொண்டாலும் இதுவே உண்மை. நற்செய்கைபுத்தூரை மந்தரகௌரவமங்கலம் என்று பெயரிட்டுத் தானமளித்த இராஜசிம்ம பாண்டியனின் அச்சாசனம், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் மதுரையில் சங்கம் வைத்ததையும் அவன் முன்னோர் செயல்களாகப் போற்றுகிறது. பாண்டியர் வமிசாவளியை அமைக்க வேள்விக்குடிச் செப்பேட்டோடு இதுவும் துணைநின்றது. கோயிற் கற்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவற்றுள் ஒரு செய்தியும் நமக்குக் கிட்டியிராது.

இவ்வட்டாரத்துப் பெரியகுளத்துக்கு வருவோம். வராக நதிக்கரையிலுள்ள பாலசுப்பிரமணியர் கோயிலை இராஜேந்திர சோழன் கட்டியதாக ஊரார் சொல்கின்றனர். வேட்டையில் தாய்ப்பன்றி இறந்துபோக, பசித்த குட்டிகளுக்கு முருகப்பெருமானே பாலூட்டிய அருளைக் கண்டு அரசன் கோயிலெடுத்தான் என்பது தலவரலாறு. சிவபெருமான் அங்கு இராஜேந்திர சோழீஸ்வரர் என்றே வழங்கப்பெறுகிறார். இராஜேந்திரன் தன் மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு மதுரையில் அமர்த்தியது சரித்திரம் ஒப்பிய செய்தியாதலால், இவ்வழக்கு நடந்திருக்கக் கூடாததன்று. ஆனால் நடந்திருக்கக்கூடியது என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கத் துப்ரேயின் முறை மட்டும் போதாது. வெட்டுப் போதிகை ஒன்று தென்பட்டால் அது பதினோராம் நூற்றாண்டினதாகவும் இருக்கலாம், பழைய பழக்கத்தை விடாத உள்ளூர்த் தச்சர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்ததாகவும் இருக்கலாம். புஷ்பப் போதிகை தென்பட்டாலோ, அந்த மண்டபம் பிந்தியதென்பது தெரியுமேயன்றி, கர்ப்பகிருகம் பிந்தியதென்று ஆகாது. உறுப்பு, எழுத்து, சாசனம், ஊர்வழக்கு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று உரைத்துப் பார்த்தே முடிவு கூற வேண்டும். அரச வமிசத்தின் பெயரைக் கோயிலின் மேல் ஒட்டும் பழக்கத்தால், ஊர்ச்சபையும் நாட்டாரும் வணிகரும் கொடுத்த நிலமும் பொன்னும் மறைந்துபோவதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது குறை முறையைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்தது. காஞ்சி வட்டாரத்தில் அழிந்துபோன கோயிலொன்றைச் சேர்ந்த, பத்தாம் நூற்றாண்டளவிலான யோகினித் திருவுருவங்கள் 1920களில் துப்ரேயின் கைவழியே பாரிசு நகரத்துக் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவிடம் சென்று, பிறகு அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு, கனடா எனப் பல நாட்டு அருங்காட்சியகங்களுக்குச் சிதறின. கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைக் காப்பாற்றினார் என்று அவர் சார்பில் சிலர் வாதிடக்கூடும். அவ்வாதத்தை நான் ஏற்கவில்லை. ஓர் உறுப்பு தான் நிற்கும் இடத்தினாலும் தன்னைச் சூழ்ந்தவற்றாலுமே பேசும் என்று உலகுக்குக் கற்பித்தவர், அந்த இடத்தினின்று அவற்றைப் பெயர்க்கத் துணைபோனது அவருடைய கல்விக்கே மாறானது. அந்தத் தேவியர் எந்தக் கோயிலில், எந்த வரிசையில், எத்திசை நோக்கி அமர்ந்திருந்தனர் என்பதை இனி எந்தப் போதிகையைக் கொண்டும் நிர்ணயிக்க முடியாது. அவருடைய நூல்களை நன்றியோடு படிக்கும் நாம் இதனையும் மறைக்காமல் சொல்வதே அவருக்குச் செய்யும் நேர்மையான மரியாதை.

இத்தனை குறைகளிருந்தும் துப்ரேயின் முறையை விட்டுவிட வேண்டுமென்று நான் சொல்லவில்லை. பாண்டி நாட்டுக்கென அதை மறுபடி அளந்து அமைக்க வேண்டும் என்பதே என் துணிபு. காலம் ஐயமறத் தெரிந்த கோயில்களை இப்பள்ளத்தாக்கிலும் மதுரை, திண்டுக்கல் வட்டாரங்களிலும் தேர்ந்து, அவற்றின் போதிகையையும் கூட்டையும் கோஷ்டத்தையும் படமெடுத்து வரிசைப்படுத்தினால், நம் நாட்டுக்குரிய வியாப்தி கிட்டிவிடும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையங்கள் 1950களின் நடுவிலிருந்து தென்னகக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவைத்துள்ள பெருந்தொகுப்பு இதற்குக் கைகொடுக்கும். ஆனால் அதற்குக் கற்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு முன் தூண்களின் மேல் மணலைப் பீய்ச்சி எழுத்தையும் செதுக்கலையும் தேய்த்துவிடுவதும், எஞ்சியதை எனாமல் வண்ணத்தால் மூடிவிடுவதும், பழைய மண்டபத்தைப் பிரித்துக் கற்களைத் தளத்துக்குப் பரப்பிவிடுவதும் பக்தியின் பெயராலேயே நடந்துவருகின்றன. பெரியகுளம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களின் திருப்பணிக் கமிட்டியாருக்கும், இங்குள்ள கல்லூரிகளின் சரித்திர மாணவருக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: அடுத்த திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு போதிகையையும், ஒவ்வொரு கூட்டையும், சுவரிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும், அது இருக்கும் இடத்தைக் குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் மற்றொரு பிரதியை ஊர் நூலகத்திலும் வைத்துவிடுங்கள்.