நரிப் புத்தகமும் அரிக்கொம்பனும்

துகாட்கினும் லுட்மிலா ட்ரூட்டும் 2017-ல் எழுதிய நரிப் புத்தகத்தை ரெண்டே ராத்திரியில் படிச்சு முடிச்சேன். 1959-ல் சைபீரியாவில் பெல்யாயெவ் தொடங்கிய சோதனை அது. மனுஷனைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் இனம்பெருக்கினார்கள். நாலாம் தலைமுறையிலேயே ஒரு குட்டி வாலாட்டியது.

நல்ல கதைதான். ஆனால் அவை காட்டு நரிகள் அல்ல. ரோமத்துக்காகப் பல தலைமுறை பண்ணையில் வளர்ந்தவை. 2019-ல் சில ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். என் குறை வேறு. தேர்வான நரிகள் மனசில் நிற்கின்றன. தேறாதவை கணக்கிலேயே வருவதில்லை. 1990-களில் பணமுடை வந்தபோது நரிகளை ரோமத்துக்கு விற்கவும் நேர்ந்தது.

படிக்கும்போது 2023 மே 27 ஞாபகம் வந்தது. அன்றுதான் அரிக்கொம்பன் எங்க கம்பத்துக்குள் வந்தது. காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்துபோனார். அந்த யானையைப் பிடித்துக் கும்கியாக்குவதுதான் கேரளாவின் முதல் திட்டம்; நீதிமன்றம் ஏற்கவில்லை.

யானையை ஆயிரக்கணக்கான வருஷமாகப் பழக்குகிறோம், ஆனால் நரி மாதிரித் தேர்ந்து வளர்த்ததில்லை. அதனால் ஒவ்வொரு யானையையும் புதிதாக அடக்க வேண்டியிருக்கு. அது கொடுமைதான். தேர்ந்து வளர்ப்பதில் அந்த அடி உதை இல்லை. ஆனால் மறுக்கும் குணமே பிறவியில் போய்விடுகிறது. இதையும் கருணை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்க என்ன நினைக்கிறீங்க?