கிளம்ப வேண்டியதுதானே!

பேய் வீட்டுப் படம் எதைப் பார்த்தாலும், அரை மணி நேரத்துக்குள் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார். "அதான் பேய் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே, கிளம்ப வேண்டியதுதானே?"

நியாயமான கேள்விதான். மாடியில் யாரோ நடக்கிறார்கள். கதவு தானாகத் திறந்து தானாக மூடுகிறது. குழந்தை சுவரைப் பார்த்துச் சிரிக்கிறது. இத்தனைக்கும் பிறகு அந்தக் குடும்பம் காலையில் எழுந்து நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆனால், இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பேய் வீட்டுப் படங்களைத் தரம் பிரிக்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது. மட்டமான படத்தில் இதற்கு ஒரு சப்பைக்கட்டு இருக்கும். மழையில் பாலம் உடைந்துவிட்டது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நல்ல படத்திலும் ஒரு பதில் இருக்கும். அதைக் கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர் கப்சிப்.

1959-ல் வில்லியம் காசில் எடுத்த 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' படத்தில் பதில் ரொம்ப சுலபம். பணம். அந்த வீட்டில் ஒரு ராத்திரி தாக்குப்பிடித்தால் ஆளுக்கு 10,000 டாலர் தருகிறேன் என்கிறார் வின்சென்ட் பிரைஸ். நடுராத்திரியில் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். விஷயம் முடிந்தது. காசில் ஒரு தமாஷ் பேர்வழி. படம் ஓடும்போது தியேட்டருக்குள்ளேயே ஒரு எலும்புக்கூட்டைக் கம்பியில் கட்டி ஜனங்களின் தலைக்கு மேலே பறக்கவிட்டவர். ஜாலியாகப் பார்க்கலாம். வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கலாம்.

1979-ல் வந்த 'தி ஆமிட்டிவில் ஹாரர்' அப்படி இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடு. 1974-ல் அங்கே ஒரே குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அதனாலேயே சல்லிசாகக் கிடைத்தது. வாங்கிய குடும்பம், பேய் இருக்கிறது என்று 28 நாளில் ஓடிவந்துவிட்டதாகக் கதை. அந்தக் கதை நிஜமா, புருடாவா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். அது கிடக்கட்டும். படத்தில் என்னை உலுக்கிய காட்சியில் பேயே கிடையாது. கல்யாணச் செலவுக்காக வைத்திருந்த 1,500 டாலர் ரொக்கம் காணாமல் போகிறது. வீட்டுக்காரர் சோபாவுக்கு அடியில், கம்பளத்துக்கு அடியில் என்று வெறிபிடித்த மாதிரி தேடுகிறார். அந்த முகத்தைப் பாருங்கள். ஈ.எம்.ஐ. கட்டுகிற அத்தனை பேருக்கும் அந்த முகம் தெரியும். இது உண்மையில் வரவு செலவைப் பற்றிய திகில் படம் என்று ஸ்டீபன் கிங் 1981-லேயே எழுதிவிட்டார். பி.காம். படித்தவன் என்ற முறையில் நானும் வழிமொழிகிறேன். கையில் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய வீட்டை விட்டு எங்கே கிளம்புவது?

ஆக, பேய் வீட்டுப் படத்தில் முக்கியம் பேய் இல்லை. வீடு. அதைவிட முக்கியம், அந்த வீட்டை விட்டுப் போகமுடியாத மனுஷன் அல்லது மனுஷி.

இதை முழுசாகப் புரிந்துகொண்டு எடுத்த படம் என்று நான் நினைப்பது 'தி ஹாண்டிங்'. 1963. கறுப்பு வெள்ளை. ஷெர்லி ஜாக்சன் 1959-ல் எழுதிய நாவல்தான் மூலம். டைரக்டர் ராபர்ட் வைஸ். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தாரே, சாட்சாத் அவரேதான். 'சிட்டிசன் கேன்' படத்துக்கு எடிட்டராக இருந்தவர்.

கதை ரெண்டு வரி. ஆவிகளை ஆராய்ச்சி செய்கிற ஒரு டாக்டர், பாழாய்ப்போன ஒரு மாளிகையில் சில நாள் தங்கிப் பார்க்க ஆள் சேர்க்கிறார். வருகிறவர்களில் ஒருத்தி எலினார். ஜூலி ஹாரிஸ் நடித்தது.

படம் முழுக்க ஒரு பேய்கூடக் கண்ணில் படாது. சத்தியமாக. சுவரை இடிக்கிற சத்தம் கேட்கும். கதவு வெளியிலிருந்து யாரோ நெஞ்சால் முட்டுவதுபோல உள்பக்கமாகப் புடைக்கும். அவ்வளவுதான். அந்தக் கதவு என்ன தெரியுமா? மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்தது. பின்னால் பலசாலியான தொழிலாளி ஒருவர் நின்று கட்டையால் தள்ளினார். வீட்டின் கோணல்மாணலைக் காட்ட, பானாவிஷன் கம்பெனியின் இன்னும் முழுசாகத் தயாராகாத ஒரு லென்ஸை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார் வைஸ். படம் நெளியும் என்றார்கள். நெளியட்டும், அதுதான் வேண்டும் என்றார். குறை தெரிந்தேதான் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் லென்ஸ் கைக்கு வந்தது.

ஆனால், இந்த உத்திகளால் மட்டும் ஒரு படம் அறுபது வருடத்துக்கு மேல் நிற்காது. அது நிற்பது எலினாரால்.

யார் இந்த எலினார்? கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவள். அம்மா போனபிறகு அக்கா வீட்டு ஹாலில், சோபாவில் படுக்கை. காரில் பாதி இவள் காசு. ஆனாலும் எடுத்துக்கொண்டு போக அனுமதி இல்லை. சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறாள். மாளிகையில் சிநேகிதியாகும் தியோ, "உன் வீடு எப்படி?" என்று கேட்கும்போது, தனக்கென்று அழகான சின்ன ஃபிளாட் இருப்பதாக வாய்கூசாமல் சொல்கிறாள். இல்லாத ஃபிளாட்டுக்கு அலங்காரப் பொருள்கூட வாங்கி வைத்துவிடுகிறாள், பொய்யில்.

அம்மா செத்த ராத்திரி சுவரைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். எலினார் எழுந்து போகவில்லை. இப்போது மாளிகையில் முதல் ராத்திரி சுவர் அதிர்கிறது. தூக்கக் கலக்கத்தில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? அலறவில்லை. "இதோ வரேம்மா" என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்ட இடம் அது. வீட்டில் ஒரு நோயாளியை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர் போய் எத்தனை மாசம் கழித்தும் அந்தக் கூப்பிடு குரல் காதில் விழும் என்பார்கள். அதற்குப் பேய் என்று பெயர் வைப்பீர்களா, மனசாட்சி என்பீர்களா? படம் கடைசிவரை முடிவு சொல்லாது.

இன்னொரு ராத்திரி. இருட்டில் தியோவின் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள் எலினார். பிடி இறுகுகிறது. கத்துகிறாள். விளக்கு எரிகிறது. தியோ அறையின் அந்தக் கோடியில் இருக்கிறாள். அப்படியென்றால் இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தது யார் கை? சொல்லமாட்டார்கள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் கையை அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள அந்த வீட்டில் மட்டும்தானே யாரோ இருந்தார்கள்? ஆறுதலா, அச்சுறுத்தலா என்றே பிரிக்கமுடியாதபடி ஒரு காட்சி.

கடைசியில் நம்முடைய கேள்வி தலைகீழாகிறது. டாக்டர் பதறிப்போய் "நீ உடனே கிளம்பு" என்கிறார். எலினார் போகமாட்டேன் என்று கெஞ்சுகிறாள். எங்கே போவாள்? சோபாவுக்கா? உலகத்திலேயே அவளை 'வா' என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்தப் பேய் வீடுதான். அப்புறம் என்ன ஆயிற்று என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே கதையை 1999-ல் யான் டி பாண்ட் மறுபடி எடுத்தார். வைஸ் செலவழித்தது பத்து லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. இவர் கையில் சுமார் 8 கோடி. சிலைகள் நகர்ந்தன. கட்டில் பிடித்து அமுக்கியது. பேய் கம்ப்யூட்டர் உபயத்தில் கூரை உயரத்துக்கு எழுந்து நின்றது. எலினார் ஏன் கிளம்பவில்லை? குழந்தைகளின் ஆவிகளைக் காப்பாற்ற வேண்டுமாம்! தனிமையில் வெந்த ஒரு பெண்ணை வீராங்கனையாகப் பதவி உயர்வு செய்து கதையை முடித்துவிட்டார்கள். வசூலில் தோற்றது என்று சொல்லமாட்டேன். போட்ட காசுக்கு மேலேயே வந்தது. ஆனால், மோசமான படங்களுக்குத் தரும் ராஸ்பெரி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைத்தார்கள். மார்ட்டின் ஸ்கார்செசி 2009-ல் தன்னை மிரட்டிய படங்களைப் பட்டியல் போட்டபோது, முதலில் எழுதியது 1963 படத்தின் பெயரை.

காசும் கம்ப்யூட்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகச் செலவழிக்கட்டும். ஆனால், பேய்க்கு எவ்வளவு மேக்கப் போட்டாலும் பத்து வருடத்தில் அது பழசாகிவிடும். அடுத்த தலைமுறை பார்த்துச் சிரிக்கும். கடன், கடமை, குற்ற உணர்ச்சி, போக்கிடம் இல்லாமை இதெல்லாம் பழசாவதே இல்லை. 1961-ல் வந்த 'தி இன்னசென்ட்ஸ்' படத்தில் முதல் வேலைக்கு வந்த டீச்சரம்மாவுக்கு, எது நடந்தாலும் முதலாளியைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது நிபந்தனை. ரெண்டு குழந்தைகளை விட்டுவிட்டு அவள் எப்படிக் கிளம்புவாள்? 2001-ல் வந்த 'தி அதர்ஸ்' படத்தில் யுத்தத்துக்குப் போன புருஷன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறாள் ஒருத்தி. அவளை எப்படிக் கிளம்பச் சொல்வீர்கள்?

மொத்தமாகப் பார்த்தால், பிடிக்காத வேலையில், ஒத்துவராத வீட்டில், சரிவராத உறவில் இருந்துகொண்டு காலையில் எழுந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவர்கள் சினிமாவில் மட்டும் இல்லை.

'தி ஹாண்டிங்' கிடைத்தால் பாருங்கள். 1963 படம்தானா என்று வருடத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு போடுங்கள். பக்கத்தில் யாராவது "கிளம்ப வேண்டியதுதானே?" என்று ஆரம்பித்தால், உடனே பதில் சொல்லாதீர்கள். முழுசாகப் பார்க்க விடுங்கள்.