முடியும் தேதி உள்ள வைத்தியம்

காங்கேயம் பக்கம் உடம்பில் கொப்புளம் கண்டால் முதலில் நினைவுக்கு வருவது அக்கி. மண்பானை செய்பவரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வார்கள். வைரஸால் வரும் அக்கி சில வாரங்களில் தானே அடங்கிவிடும். பெயர் காவிக்குப் போய்ச் சேரும். பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் அப்படி அடங்காது. பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத்தான் தொடங்கும். ‘உடம்புச் சூடு’ என்று இளநீரிலும் மோரிலும் மாதங்கள் கழிந்தபின் முதுகில் கொப்புளம் உடையும்.

இதில் கிருமிக்கு வேலையில்லை. தோல் செல்களைச் சாந்து போலப் பிடித்து வைத்திருக்கும் டெஸ்மோகிளின் என்ற புரதத்தை, நோயாளியின் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த பி செல்கள் அந்நியன் என்று தவறாகக் கணித்து, அதற்கு எதிராக ஆன்டிபாடி செய்கின்றன. பிடி விட்டதும் செல்கள் பிரிகின்றன, இடையில் நீர் சேர்கிறது. வாய்க்குள் பிடிப்பு பெரிதும் டெஸ்மோகிளின் 3-ஐ நம்பியது. அதனால் முதல் அடி அங்கே. தோலில் டெஸ்மோகிளின் 1-ம் துணைக்கு இருப்பதால், அதற்கும் ஆன்டிபாடி உருவாகும்வரை தோல் தாக்குப்பிடிக்கும். இந்த ஆன்டிபாடிகள் நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதை 1964-ல் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினார்கள். அவற்றைப் பிரித்தெடுத்து, புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளுக்குச் செலுத்தியபோது குட்டிகளுக்கும் கொப்புளம் வந்தது, அது 1982-ல்.

ஸ்டீராய்டு வருமுன் இது பெரும்பாலும் ஆளைக் கொன்ற நோய். வந்த பிறகும், தினமும் அதிக அளவில் விழுங்கியவர்கள் சர்க்கரை, எலும்புத் தேய்வு, தொற்று என்று வேறு வழியில் அவதிப்பட்டார்கள். 1984-ல் டெல்லி எய்ம்ஸின் ஜே.எஸ். பஸ்ரிச்சாவும் ராம்ஜி குப்தாவும் ஒரு மாற்றை வெளியிட்டார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி. தொடர்ந்து மூன்று நாள் ட்ரிப்ஸில்; அதில் ஒருநாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்ஃபமைட் 500 மி.கி.; 28 நாளுக்கு ஒருமுறை இதே சுற்று. இடைநாட்களில் சைக்ளோபாஸ்ஃபமைட் 50 மி.கி. மாத்திரை மட்டும். புண் ஆறிய பின்னும் ஒன்பது மாதம் ட்ரிப்ஸ் தொடரும், பிறகு ஒன்பது மாதம் மாத்திரை, அதோடு நிறுத்தம் என்பது பின்னர் நிலைத்த வழக்கம்.

இதன் பெரிய பலம் இந்தக் கால அட்டவணைதான் என்பேன். கொப்பரைக் களத்தில் தினக்கூலிக்கு நிற்பவரிடம் ‘ஆயுசுக்கும் மாத்திரை’ என்றால் புண் ஆறியதும் ஆள் வரமாட்டார். மாதம் மூன்று நாள் கூலி போனாலும், முடிகிற தேதி ஒன்று இருந்தால் கோவைக்கு பஸ் ஏறுவார். மருந்தும் மலிவு, அரசு ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகும்.

பலவீனம் சிறியதல்ல. தொடக்க ஆதாரமெல்லாம் குணமானவர்களின் கணக்கு. ஒப்பிட எதிர்த்தரப்பு இல்லை. 2005-ல் ஜெர்மனியில் வேறு மருந்துச் சேர்க்கையோடு ஒப்பிட்டார்கள்; சிறிய ஆய்வுதான், ஆனால் இது மேல் என்று அதில் தேறவில்லை. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இங்கே இந்த நோய் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கும் நிறைய வருகிறது. சைக்ளோபாஸ்ஃபமைட் கருமுட்டையையும் விந்தணுவையும் அழிக்கக்கூடியது. பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு அதற்குப் பதில் அசதியோப்ரின் தரும் வழி உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை டாக்டர்தான் முதலில் கேட்க வேண்டும். நெரிசலான ஓ.பி.யில், மாமியாரோடு வந்திருக்கும் பெண் தானாக வாய் திறக்க மாட்டாள்.

இன்று ரிடக்ஸிமாப் என்ற ஊசி இருக்கிறது. தவறிழைக்கும் பி செல்களோடு நல்ல பி செல்களையும் அது ஒழிக்கும். மஞ்சள் காமாலை பி வைரஸ் உண்டா என்று பார்க்காமல் போடக்கூடாது. இருந்தாலும் குறி சற்றுக் கூர்மை. 2017-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், இரண்டாண்டு முடிவில் மருந்தின்றி நலமாக இருந்தவர்கள் இந்த ஊசியோடு குறுகிய கால ஸ்டீராய்டு பெற்றோரில் 89 சதவீதம், ஸ்டீராய்டு மட்டும் எடுத்தோரில் 34 சதவீதம். ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் 2007-லேயே இதன் மலிவுப் பதிப்பைக் கொண்டுவந்துவிட்டது. குழந்தை பெறும் வயதினருக்கு இனி பழைய சுற்றை முதலில் எடுப்பதற்கு, செலவைத் தவிர எனக்குக் காரணம் தெரியவில்லை.

அந்தப் பிரெஞ்சு ஆய்விலும், முதல் ஊசிகளுக்குப் பிறகு 12-ம் மாதமும் 18-ம் மாதமும் மறுபடி ஊசி உண்டு, புண் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தோல் தெளிந்தவரையும் தேதி சொல்லி வரவழைக்கும் பஸ்ரிச்சாவின் பிடிவாதம் அதிலும் இருக்கிறது.