நின்றால் ஏறும் சூடு

புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகு பார்த்து நிற்கும் மோட்டார் சைக்கிள்காரரிடையே இரண்டு கட்சி உண்டு. “ஓடேக்கை ஒண்டுமில்லை, நிண்டவுடனை காலைச் சுடுது, எஞ்சினிலை ஏதோ பழுது” என்பது ஒன்று. “எஞ்சின் எண்டால் சுடத்தான் செய்யும்” என்பது மற்றது. முதலாவது பெரும்பாலும் வீண் பயம். இரண்டாவது பாதி உண்மை. மீதிப் பாதியை அது கவனியாமல் விடுவதால், முதலாவதைவிட அதுதான் எஞ்சின்களை அதிகம் கெடுக்கிறது என்பது என் கணிப்பு.

லீற்றருக்கு 60 கிலோமீற்றர் ஓடும் 100 சீசீ சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றரில் அது எரிக்கும் பெற்றோல் தருவது ஏறத்தாழ 6 கிலோவாட். அதில் காற்பங்குதான் சில்லைச் சுழற்றுகிறது. மிச்சத்தில் பாதியளவு சைலன்சர் வழியே போய்விட, 2 கிலோவாட் அளவு எஞ்சின் உலோகத்தில் இறங்குகிறது. இரண்டு மின் ஸ்திரிக்கைப் பெட்டிகள் ஓயாமல் எரிவது போன்ற சூடு அது. அதை அள்ளிக்கொண்டு போவது எதிர்காற்றும், எஞ்சினுக்குள் சுற்றும் ஒயிலும். நின்றதும் எரியும் பெற்றோல் நன்றாகக் குறைகிறது, ஆனால் காற்று ஒரேயடியாக நின்றுவிடுகிறது. ஒயில் பம்பும் மெதுவாகிறது. ஆகவே வெப்பநிலை கொஞ்சம் ஏறும். நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சில நிமிடம் இதைத் தாங்கும்.

ஆனால் கால் உணர்வது எஞ்சினின் வெப்பநிலையை அல்ல. ஓடும்போது பின்னால் அடித்துச் செல்லப்பட்ட சூடான காற்று, நின்றதும் நேரே மேலெழுந்து முழங்காலில் படுகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே இருந்த சூடு வெளித்தகடுகளுக்குப் பரவுவதால், உள்ளே ஆறிக்கொண்டிருக்கும்போதே வெளிப்புறம் சிறிதுநேரம் கூடுதலாகச் சுடும். அப்போது கேட்கும் ‘டிக், டிக்’ சத்தம் உலோகம் ஆறிச் சுருங்கும் சத்தம். காலை நம்பிப் பழுது தீர்மானிப்பவர் தவறான கருவியால் அளக்கிறார்.

உச்சிவெயில் பயமும் எடை குறைந்ததுதான். எஞ்சின் தலை 150 பாகை செல்சியஸில் இருக்க, வெளிக்காற்று 28இல் இருந்து 34க்கு ஏறினால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 122இல் இருந்து 116 ஆகிறது. ஐந்து சதவீத இழப்பு. வெயில் வாட்டுவது ஓட்டுபவரைத்தான்.

காற்று வேறு கதை. சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று தென்மேற்கே போகும்போது காற்று முகத்தில் அறைகிறது. எஞ்சின் கூடுதலாக உழைக்கிறது, கூடுதலாகக் குளிர்கிறது. திரும்பும்போது மணிக்கு 25 கிலோமீற்றர் காற்று முதுகில் இருந்தால், 40இல் ஓடும் எஞ்சினுக்குக் கிடைப்பது 15 மட்டுமே. கடல் நடுவே தாம்போதியில் நிறுத்திச் சைக்கிளைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிவைத்தால் 25 முழுவதும் கிடைக்கும்! “நின்றால் சூடு, ஓடினால் குளிர்” என்ற விதி நகரத்து நெரிசலில் பிறந்தது. தீவுப்பாதையில் அதை அப்படியே ஏற்கமுடியாது.

நின்ற இடத்தில் எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கும் வழக்கத்தையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு ஒரு காலத்தில் வலுவான நியாயம் இருந்தது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில், தீவுகளை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் உட்படப் பலரும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகி எரியும். ஆறவிட்டால் மறுபடி அந்தக் கிடைத்தற்கரிய துளிகள் வேண்டும். அன்று சூடுதான் காப்பு. அந்தக் கெட்டித்தனத்தை நான் மனதார மதிக்கிறேன். இன்று அந்தத் தேவை இல்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்பதென்றால் அணைப்பதே சரி. 2022 தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து தந்தபோது இதைப் பலர் தாமாகவே கற்றுக்கொண்டார்கள்.

றேடியேற்றர் உள்ள சைக்கிளில் நின்றதும் சூடு காட்டும் முள் ஏறி, விசிறி சுழன்று, மறுபடி இறங்கினால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். நிறுத்திய பின் விசிறி சற்றுநேரம் ஓடுவதும் இயல்பே. ஆனால் அந்த றேடியேற்றருக்குள் கிணற்று உவர்நீரை ஊற்றியிருந்தால் உள்ளே உப்புப் படிந்து குழாய்களை அடைத்துவிடும். அதன்பின் ஏறும் சூட்டை இயல்பு என்று சொல்வது பொய். சுட்ட எஞ்சின்மேல் அதே தண்ணீரை வாளியோடு ஊற்றுவது இன்னும் மோசம். உலோகம் சட்டென்று சுருங்கும், காய்ந்தபின் தகடுகளில் உப்பு மிஞ்சும்.

ஆகவே இரண்டாம் கட்சிக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி, சூடு எப்போது ஏறுகிறது என்பது. நின்றபோது ஏறி, ஓடியதும் இறங்கினால் அவர் சொல்வது சரி. தாம்போதியில் சீரான வேகத்தில், எதிர்காற்றில் ஓடும்போதும் ஏறிக்கொண்டே போனால், இழுவை குறைந்தால், எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் கேட்டால், அணைத்த பிறகும் எஞ்சின் தொடர்ந்து எரிந்து ஓடினால் அது பழுது. கராஜுக்குப் போயாகவேண்டும்.

இந்த அளவுகோலுக்கும் நெடுந்தீவு கொஞ்சம் அடங்காது. சைக்கிளைப் படகில் ஏற்றி இறக்கியபின், கல்லும் மணலுமான உட்பாதைகளில் இருவரையும் மூட்டையையும் சுமந்து முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்தால், ஓட்டம் இருந்தும் காற்று இல்லை, சுமை மட்டும் முழுதாக இருக்கிறது. இங்கே சூடு மெய்யாகவே ஏறும், தாங்கவேண்டியது ஒயில்தான். 100 சீசீ எஞ்சினில் இருப்பது ஒரு லீற்றர் அளவு ஒயில். அதில் 200 மில்லிலீற்றர் குறைந்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. படகேறுமுன் ஒயில் குச்சியைத் துடைத்துப் பார்க்காத ஒருவர் நெடுந்தீவில் எஞ்சின் சுடுகிறது என்று முறையிட்டால், நான் எஞ்சினின் பக்கமே நிற்பேன்.