படம் கெட்டுப்போச்சா, பார்க்கிற விதம் மாறிப்போச்சா?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் ஆரம்பித்தார்: "இப்பல்லாம் படமா எடுக்கறான்? வெட்டு, குத்து, கூச்சல். கதைன்னு ஒண்ணு இருக்கா சார்?" எதிரில் இருந்த இளைஞர், ஐ.டி. கம்பெனிக்காரர், விடவில்லை. "நல்ல படம் நிறைய வருது மாமா. வீட்லயே வந்துடறதால யாரும் தியேட்டருக்குப் போறதில்ல, அதான் உங்க கண்ணுக்குத் தெரியல." பேச்சு சூடாகி, கடைசியில் செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க மலருக்கு இதையே எழுதிக் கொடுத்துடுங்க" என்று பஞ்சாயத்தை என் தலையில் கட்டிவிட்டார். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு, இருவரும் விட்டுவிட்டதும் ஒன்று உண்டு என்பது என் எண்ணம்.

ஞாபகம் ஒரு சல்லடை

முதலில் தரம். "அந்தக் காலத்துப் படம்" என்று நாம் சொல்லும்போது எவற்றை நினைக்கிறோம்? 1952இன் பராசக்தி, 1977இன் 16 வயதினிலே, 1979இன் உதிரிப்பூக்கள், 1987இன் நாயகன். இவை முத்துக்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் எண்பதுகளிலேயே தமிழில் ஆண்டுக்கு நூற்றுக்கு மேல் படங்கள் வந்தன. மீதியெல்லாம் எங்கே? மறந்துவிட்டோம். காலம் நமக்காக உமியைப் புடைத்து, அரிசியை மட்டும் கையில் கொடுத்திருக்கிறது. இன்றைய படங்களோ உமியோடு வந்து விழுகின்றன. சில ஆண்டுகளில் எண்ணிக்கை இருநூறையும் தாண்டுகிறது. அன்றைய அரிசியையும் இன்றைய நெல்லையும் ஒரே தராசில் வைத்தால் தீர்ப்பு எப்படிச் சரியாக இருக்கும்?

இன்றைய நெல்லையும் கொஞ்சம் புடைத்துப் பார்ப்போம். காக்கா முட்டை (2015), விசாரணை (2016), பரியேறும் பெருமாள் (2018), மேற்குத் தொடர்ச்சி மலை (2018), கடைசி விவசாயி (2022). இந்த ஐந்தையும் எந்தப் பத்தாண்டின் பட்டியலிலும் தலைநிமிர்ந்து வைக்கலாம்.

மும்பைத் தமிழர்களான நம்மைப் பற்றியே எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1987 தீபாவளிக்கு வந்த நாயகன், 2018இல் வந்த காலா. இரண்டிலும் கதைக்களம் தாராவி. இரண்டிலும் நாம் பார்க்கிற தாராவியின் பெரும்பகுதி சென்னையில் போட்ட செட்! கட்டுக்கோப்பு என்று பார்த்தால் நாயகனுக்குத்தான் என் ஓட்டு. நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் மூன்றுக்கும் தேசிய விருது வாங்கிய படம், கமல், பி.சி. ஸ்ரீராம், தோட்டா தரணி மூவரும் ஒரே மூச்சில் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதில் தாராவி மக்கள் என்ன செய்கிறார்கள்? நாயக்கர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள், குறை சொல்கிறார்கள், கும்பிடுகிறார்கள். காலாவில் ரஜினிக்காக நிறுத்திவைத்த காட்சிகள் படத்தை ஆங்காங்கே தொங்கவிடுகின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் படத்துக்கு நிலம் என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. அதில் மக்கள் கும்பிடவில்லை, கூட்டம் போட்டு வாதாடுகிறார்கள். கதாநாயகனின் பிள்ளையே அப்பாவோடு முரண்படுகிறான். பாத்திரங்களில் மராத்தியரும் முஸ்லிம்களும் தமிழரோடு தமிழராக ஒரே சந்தில் வாழ்கிறார்கள். செய்நேர்த்தியில் முன்னது மேல். நம்மை அறிந்த விதத்தில் பின்னது மேல். இதைத் தரம் உயர்ந்தது, தாழ்ந்தது என்ற ஒற்றைக் கோட்டில் எப்படி அளப்பது?

நாயகனை நான் எங்கே பார்த்தேன்?

இப்போது வீட்டில் பார்க்கும் வழக்கத்துக்கு வருகிறேன். அது ஏதோ நேற்று முளைத்தது போலப் பேசுகிறோம். நாயகனை நான் தியேட்டரில் பார்க்கவில்லை. புறநகரில் ஒரு சாலில் குடியிருந்தோம். சனிக்கிழமை ராத்திரிக்கு வி.சி.ஆர். வாடகைக்கு எடுப்போம், கூடவே மூன்று கேசட். ஆளுக்கு ஐந்து ரூபாய். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருபது பேர், வாசலில் பத்துப் பேர், மராத்திக்கார பக்கத்து வீட்டு ஆஜியும் உண்டு. கேசட் தேய்ந்து படம் மழையில் நனையும். விடியும்போது மூன்றாவது படம் ஓடும், பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

அதற்கு முன்பும் பின்பும் தூர்தர்ஷன். ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் வரும். மொழிகள் ஆங்கில அகரவரிசைப்படி வரும் என்பதால் அஸ்ஸாமியில் ஆரம்பித்து தமிழுக்கு முறை வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி.வி. இருக்கிற வீட்டில் செருப்பு வைக்க இடம் இருக்காது. தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குத் தெருவுக்குத் தெரு தியேட்டர் இருந்தது. மாட்டுங்கா அரோராவில் தமிழ்ப் படம் போட்டால் ஒழிய, புறநகர்க்காரர்களான எங்களுக்கு வீட்டுத் திரைதான் கதி. ஆகவே, வீட்டில் பார்ப்பது சினிமாவைக் கெடுத்தது என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லும்போது எனக்கு மனம் முழுதாக ஒப்புவதில்லை. நமக்குத் தமிழ்ப் படத்தைக் கொண்டுவந்து சேர்த்ததே அதுதானே.

தியேட்டரை மூடியது யார்?

"ஓ.டி.டி. வந்து தியேட்டரை மூடிட்டான்" என்பதும் பாதி உண்மைதான். மதுரைக்காரன் நான். 1952இல் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டர், ஓ.டி.டி. என்ற சொல்லே பிறக்காத காலத்தில் போய்விட்டது. அந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. சென்னையில் 1961இல் திறந்த சாந்தி 2016இல் மூடப்பட்டது. அசோக் நகரில் 1983இல் திறந்த உதயம் 2024இல் மூடப்பட்டது. நகரின் நடுவே ஆயிரம் பேர் உட்காரும் ஒற்றைத் திரைக்கு, நாளுக்கு நான்கு காட்சி என்றால், அந்த நிலத்தின் விலைக்கு வட்டி கூடக் கட்டாது. டி.வி., கேசட், கேபிள், திருட்டு வி.சி.டி. என்று ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லை உருவியது. கடைசியில் வந்தவன் மேல் பழி விழுவது உலக வழக்கம்.

ஆனாலும் கடைசியாக வந்தவன் சாதாரண ஆள் இல்லை. 2013இல் விஸ்வரூபத்தை டி.டி.எச். வழியாகத் தியேட்டருக்கு முன்பே வீட்டுக்குக் கொடுக்கக் கமல் முயன்றபோது தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. 2015இல் சேரன் தன் படத்தையே டி.வி.டி.யாக நேரே வீடுகளுக்கு அனுப்பினார். அதுவும் வேர் பிடிக்கவில்லை. 2018இல் 96 தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மாதம் கடந்த நிலையில், தீபாவளிக்கு டி.வி.யில் போட்டுவிட்டார்கள், படக்குழுவினரே வருத்தப்பட்டார்கள். பிறகு கொரோனா வந்தது. 2020 மே மாதம் பொன்மகள் வந்தாள் நேரே ஓ.டி.டி.யில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சூரரைப் போற்றும் அப்படியே வந்து, சிறந்த படம் உட்பட ஐந்து தேசிய விருதுகளை வாங்கியது. 2021 ஜனவரியில் மாஸ்டர் தியேட்டருக்கு வந்த பதினாறாம் நாள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதன்பின் தமிழில் நான்கு வாரம் என்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது.

இந்த நான்கு வாரம் வெளிமாநிலத்தாருக்கு ஒரு தனித் தலைவலி. இங்குள்ள பெரிய மல்டிபிளெக்ஸ்கள் இந்தியில் வெளியிடும் படத்துக்கு எட்டு வாரம் இடைவெளி கேட்கின்றன. அதனால்தான் 2023இல் லியோவின் இந்திப் பதிப்பு அந்தத் திரைகளுக்கு வரவில்லை. நம் இந்திக்கார நண்பரைக் கூட்டிக்கொண்டுபோய் "பாரும், எங்க படம்" என்று காட்டும் வாய்ப்பும் போச்சு.

இரண்டாகப் பிரிந்த பந்தி

என்னைக் கவலைப்படுத்துவது தரத்தை விட இன்னொன்று. முன்பு ஒரே படத்தில் எல்லோருக்கும் ஏதாவது இருக்கும். அம்மாவுக்கு அழுகை, அண்ணனுக்குச் சண்டை, பாட்டிக்குப் பக்தி, வாண்டுகளுக்கு கவுண்டமணி. ஒரே பந்தியில் எல்லா இலைக்கும் எல்லாம் விழும். இப்போது பந்தி இரண்டாகிவிட்டது. ஆர்ப்பாட்டம், பெரிய நட்சத்திரம், விடியற்காலைக் காட்சி என்றால் தியேட்டர். மெதுவான கதை, புதுமுகம், சின்ன பட்ஜெட் என்றால் "ஓ.டி.டி.ல வரட்டும், பாத்துக்கலாம்". ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021இல் முதல் பரிசான டைகர் விருதை வாங்கிய கூழாங்கல், 2023இல் நேரே ஓ.டி.டி.க்குத்தான் வந்தது. வெயிலும் புழுதியுமாக ஒரு தகப்பனும் மகனும் நடக்கிற படம். பெரிய திரைக்கே பிறந்தது. நான் அதைப் பதினைந்து அங்குல மடிக்கணினியில் பார்த்தேன்.

ரயில்வே பெரியவரின் குறை இங்கேதான் புரிகிறது. அவர் தியேட்டருக்கு மட்டும் போகிறவர். அங்கே அவருக்குக் கிடைப்பது கூச்சல் மட்டும். ஐ.டி. தம்பி வீட்டில் மட்டும் பார்க்கிறவர். அவருக்கு நல்ல படம் கிடைக்கிறது. உடன் பார்க்க ஆள் இல்லை. இருவரும் ஒரே தமிழ் சினிமாவைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டு பேசினார்கள்.

ஒரு பேர் தெரியாத சொந்தம்

மெய்யழகன் 2024 செப்டம்பரில் வந்தது, 96 எடுத்த அதே பிரேம்குமார் இயக்கியது. தஞ்சாவூரை விட்டுப் போனவன் பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திரும்புகிறான். அங்கே ஒருவன் உருகி உருகி உபசரிக்கிறான். இவனுக்கோ அவன் பேரே நினைவில்லை. தியேட்டரில் நீளம் என்று குறைப்பட்டதால் வெளியான பிறகு சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். வீட்டுக்கு வந்தபின் அந்த நிதானத்தையே பலர் கொண்டாடினார்கள்.

எங்கள் வீட்டில் நான், என் மனைவி, பன்னிரண்டு வயதுப் பேரன் மூவரும் பார்த்தோம். பேரனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தியும் மராத்தியும் சரளம். ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே, கையில் போனையும் நோண்டிக்கொண்டிருந்தான். பாதியில் போனைக் கீழே வைத்தான். "தாத்தா, உங்களுக்கும் ஊர்ல இப்டி பேர் தெரியாத சொந்தக்காரங்க இருக்காங்களா?" நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினேன். மதுரை, மேலமாசி வீதி, செத்துப்போன சித்தப்பா, முகம் மட்டும் ஞாபகம் இருக்கிற ஓர் அத்தை என்று முக்கால் மணி நேரம் பேசினேன். என் மனைவி நடுநடுவே திருத்தினாள். இந்த நிறுத்தம் தியேட்டரில் கிடைக்குமா? வீட்டுத் திரை எங்களுக்குக் கொடுத்த வரம் அது.

ஆனால் 2016இல் கபாலிக்கு அரோரா வாசலில் விடியற்காலையில் மேளம் அடித்துப் பாலாபிஷேகம் செய்த கூட்டத்தில் நானும் நின்றேன். படம் சுமார்தான். ஆனாலும் ஊர் பேர் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு ஒரே விநாடியில் சிரித்ததைக் கேட்டேன். அந்தச் சிரிப்பை என் பேரன் இதுவரை கேட்டதில்லை. வீட்டில் பேசும் தமிழ் அவனுக்குத் தாத்தா பாட்டியின் மொழி. ஒரு கூடம் நிறைய ஆட்கள், அவன் வயதுக்காரர்களும் சேர்ந்து, தமிழில் சிரிக்கும்போதுதான் அது தனக்கும் உரிய மொழி என்று அவனுக்குப் படும்.

வி.சி.ஆர். காலத்தில் வீட்டில் பார்த்தபோதும் கூடித்தான் பார்த்தோம். இன்று ஒரே வீட்டில் நாலு பேர் நாலு திரையில் நாலு படம் பார்க்கிறோம். திரை வீட்டுக்கு வந்ததை விட, அறைக்கு அறை பிரிந்து போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்: முன்பு நம் சங்கமே 16 எம்.எம். புரொஜக்டர் வாடகைக்கு எடுத்து, வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் போட்டது. டி.வி. வந்ததும் விட்டுவிட்டோம். அதை மறுபடி தொடங்கலாம் என்பது என் விண்ணப்பம். மூன்று மாதத்துக்கு ஒரு படம் போதும். மண்டபம் இருக்கிறது, புரொஜக்டரும் இருக்கிறது. வீட்டுச் சந்தாவை வைத்துக்கொண்டு மண்டபத்தில் போடுவது முறையல்ல. படத்தின் உரிமை வைத்திருப்பவரிடம் எழுதிக் கேட்டு, உரிய கட்டணம் கட்டித்தான் போட வேண்டும். தியேட்டர் கைவிட்ட சின்னப் படங்களாகத் தேர்ந்தெடுப்போம், ஆங்கில வரிகளோடு. படம் முடிந்ததும் அரை மணி நேரம் பேச்சு, அதில் பிள்ளைகள் முதலில் பேச வேண்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும்.

முதல் படம் கூழாங்கல்லாக இருக்கட்டும். ரயில்வே பெரியவருக்கும் ஐ.டி. தம்பிக்கும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி போட்டு வைக்கிறேன். படம் முடிந்த பிறகு சண்டையைத் தொடரட்டும்.