குழலும் கண்ணும்: ஹெஸ்கெத்-பிரிச்சர்டின் 'ஸ்னைப்பிங் இன் பிரான்ஸ்' நூலில் குறித்தொலைநோக்கி – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதல் உலகப்போரில் பிரித்தானியப் படையின் குறிசூட்டுப் பயிற்சியை வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஹெஸ்கெத் ஹெஸ்கெத்-பிரிச்சர்ட். அவர் 1920ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்னைப்பிங் இன் பிரான்ஸ்' போர் நினைவுக் குறிப்பாகவும் பயிற்சிக் கையேடாகவும் அமைந்த நூலாகும். துப்பாக்கியில் தொலைநோக்கியைப் பொருத்துவதும் பேணுவதும் அந்நூலில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவியின் பிழையைக் கண்டறிய நூலாசிரியர் கைக்கொண்ட ஐயமும் சோதனையும் அவரது எடுத்துரைப்பு மொழிக்குள் செயல்படவில்லை என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குறித்தொலைநோக்கி, தாங்கி, குறிசரிசெய்தல், போர் நினைவுக் குறிப்பு, வேட்டை மொழி.

முன்னுரை

ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் (1876–1922) போருக்கு முன்பே நாடாய்வுப் பயணி, வேட்டையாடி, கதையாசிரியர், கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் எனப் பல துறைகளில் அறியப்பட்டவர். 1915இல் போர்ச் செய்தியாளர்களுக்கு வழிகாட்டும் அதிகாரியாகப் பிரான்சுக்குச் சென்ற அவர், ஜெர்மானியக் குறிசூட்டாளரிடம் பிரித்தானியப் படை நாள்தோறும் இழந்துவந்த உயிர்களைக் கண்டு அப்பணியிலிருந்து குறிசூட்டுப் பயிற்சிக்குத் திரும்பினார். 1916இல் லிங்கெம் என்னும் ஊரில் முதலாம் படைத்தொகுதிக்கான ஒற்று, நோட்டம், குறிசூட்டுப் பள்ளியை நிறுவினார். அப்படைத்தொகுதியின் தளபதியாக இருந்த ஹார்ன் பிரபு நூலுக்கு முன்னுரை வழங்கியுள்ளார். நூல் இதுவரை பெரும்பாலும் படைத்துறை வரலாற்றின் சான்றாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அதனை ஓர் எழுத்தாக்கமாக வாசிக்கும்போது எழும் வினாக்கள் வேறானவை.

பொருத்துதலின் இலக்கணம்

தொலைநோக்கியின் ஆற்றல் அதன் கண்ணாடிவில்லையில் உள்ளது என்பது பொதுவான எண்ணம். நூலின் தொடக்க இயல்கள் இவ்வெண்ணத்தைத் தகர்க்கின்றன. போர்முனைக்கு வந்த குறித்தொலைநோக்கிகளுள் பல பயனற்றுக் கிடந்தன. வில்லைகள் நல்லனவாக இருந்தும், அவற்றைத் துப்பாக்கியோடு இணைத்த முறையும் அவற்றைப் பெற்றவரின் பயிற்சியின்மையும் அவற்றைப் பாழாக்கின என்பது நூலாசிரியரின் கருத்து. கருவி வந்தது, அதனைக் கையாளும் அறிவு உடன் வரவில்லை.

இக்கருத்தின் வன்மையை எளிய கணக்கொன்றால் உணரலாம். ஒரு தொலைநோக்கியைத் தாங்கும் இரு பிடிப்புகளுக்கு இடையே 4 அங்குலத் தொலைவு உள்ளதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்று ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், 100 கெஜத் தொலைவில் குறி ஏறத்தாழ 0.9 அங்குலம் விலகும். 400 கெஜத்தில் அவ்விலகல் 3.6 அங்குலமாகும். பதுங்குகுழியின் மேல்விளிம்பில் ஒரு தலையின் பகுதி மட்டுமே சில நொடிகள் தென்படும் போரில் இவ்விலகல் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான முழுத் தொலைவாகும். தளர்ந்த திருகாணியைக் கண் காணாது. தொலைநோக்கியின் வழியே பார்ப்பவருக்குக் காட்சி முன்போலவே தெளிவாகத் தெரியும். காட்சியின் தெளிவு குறியின் உண்மைக்குச் சான்றாகாது என்பதே இதன் உட்பொருள்.

பக்கவாட்டுத் தாங்கி: ஒரு நிறுவனப் பிழை

பிரித்தானியக் குறுகிய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் தொலைநோக்கி குழலுக்கு நேர் மேலே அன்றி இடப்பக்கமாக விலக்கிப் பொருத்தப்பட்டது. இவ்வேற்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அத்துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்கள் கோத்த பட்டையை மேலிருந்து அழுத்தித் தோட்டா அறையை நிரப்புவர். தொலைநோக்கி நேர் மேலே நின்றால் அவ்வழி அடைபடும். விரைந்து சுடும் ஆற்றலைக் காக்கும் பொருட்டு, துல்லியமாகச் சுடும் கருவி ஓரத்திற்குத் தள்ளப்பட்டது.

விளைவுகள் இரண்டு. முதலாவது, பார்வைக் கோடும் குழலின் கோடும் கிடைநிலையில் வேறுபட்டன. தொலைநோக்கி 2 அங்குலம் இடப்புறம் நிற்பதாகவும், இரு கோடுகளும் 100 கெஜத்தில் சந்திக்குமாறு குறி சரிசெய்யப்பட்டதாகவும் கொண்டால், 300 கெஜத்தில் குண்டு இலக்குக்கு 4 அங்குலம் இடப்புறம் செல்லும். இரண்டாவது, எஃகுத் தகட்டில் அமைந்த குறுகிய சுடுதுளையின் வழியே சுடுபவருக்கு இது பெருந்தடையாயிற்று. கண்ணுக்குத் துளை திறந்திருக்கையில் குழலின் வாய் தகட்டை நோக்கியிருக்கும். குழலுக்கு வழிவிட்டால் கண் மறைபடும்.

இவ்வடிவமைப்பின் மீது ஹெஸ்கெத்-பிரிச்சர்ட் வைக்கும் கண்டனம் நூலின் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. அலுவலகத்தில் முடிவெடுப்பவருக்கும் சுடுதுளையின் முன் படுத்திருப்பவருக்கும் இடையிலான தொலைவை அது வெளிப்படுத்துகிறது. 1918இல் ஏற்கப்பட்ட 'பாட்டர்ன் 14' குறிசூட்டுத் துப்பாக்கியில் தொலைநோக்கி குழலுக்கு நேர் மேலே இடம்பெற்றது. எனினும் போர் அவ்வாண்டிலேயே முடிவுற்றது. திருத்தம் வந்தது, திருத்தத்தால் காக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் அதற்கு முன்பே மாண்டிருந்தனர். நூலின் சினத்திற்கு இக்காலத்தாழ்வே அடிப்படையாகும்.

பேணுதல் என்னும் ஒழுக்கம்

பொருத்துதல் ஒருமுறை நிகழ்வது. பேணுதல் நாள்தோறும் நிகழ வேண்டியது. ஒவ்வொரு சூட்டின் பின்னுதைப்பும் திருகாணிகளைத் தளர்த்தும். ஈரம் வில்லைகளுக்கிடையே புகுந்து பனிமூட்டமாகப் படியும். சேறு படிந்த துணியால் துடைத்தால் வில்லையில் கீறல் விழும். மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலை அழுத்தினால், தொலைநோக்கி அசையாமலேயே குறி மாறும். எனவே ஒரு துப்பாக்கி, அதற்குரிய ஒரு தொலைநோக்கி, அதனை அறிந்த ஒருவர் என்னும் மூன்றும் பிரியாதிருத்தல் இன்றியமையாதது. கை மாறும் கருவியில் பிழைக்குப் பொறுப்பேற்பவர் எவரும் இரார்.

இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட 'எண் 4 (டி)' துப்பாக்கியில் அதற்கெனச் சரிசெய்யப்பட்ட தொலைநோக்கியின் எண் துப்பாக்கியின் கட்டையிலேயே பொறிக்கப்பட்டது. தனிமனிதர் வலியுறுத்திய ஒழுக்கம் பின்னர் நிறுவன நடைமுறையாக நிலைபெற்றதை இது காட்டுகிறது. லிங்கெம் பள்ளியின் அணுகுமுறையும் இவ்வொழுக்கத்தின்பாற்பட்டதே. வீரரின் துணிச்சலைக் காட்டிலும் அவரது பொறுமை, கவனம், பதிவுசெய்யும் பழக்கம் ஆகியவற்றை நூல் மேலாக மதிக்கிறது. போர் நினைவுக் குறிப்புகளில் அரிதாகக் காணப்படும் இப்பண்பு நூலின் நிலைத்த சிறப்பாகும்.

வேட்டை மொழியும் மறைந்த மனிதனும்

நூலின் குறைபாடு வேறொரு தளத்தில் உள்ளது. தொலைநோக்கி தொலைவிலுள்ள உருவத்தை முகமுள்ள மனிதனாக்குகிறது. பீரங்கி வீரர் காணாததைக் குறிசூட்டாளர் காண்கிறார். ஆயினும் நூலின் மொழி அம்முகத்தை மீண்டும் மறைக்கிறது. அதற்குக் கருவியாவது வேட்டைக் களத்தின் சொல்வளம். பின்தொடர்தல், பதுங்கியிருத்தல், இரை வெளிப்படும் தருணம் எனப் போருக்கு முந்தைய வேட்டைக்காரரின் சொற்கள் பதுங்குகுழிக்குள் இயல்பாக நுழைகின்றன. ஜெர்மானியக் குறிசூட்டாளரின் திறனை நூலாசிரியர் மனமார ஒப்புகிறார். ஆனால் அம்மதிப்பு வல்ல விலங்கின்மீது வேட்டையாடி கொள்ளும் மதிப்பின் சாயலை உடையது. 'வில்லிபால்ட் தி ஹன்' என்னும் இயலின் தலைப்பு ஒரு மனிதப் பெயரையும் போர்க்கால இகழ்ச்சிச் சொல்லையும் ஒன்றாகப் பிணைக்கிறது. பெயர் அவனை அருகே கொணர்கிறது. இகழ்ச்சி அவனை அகற்றுகிறது.

'பூனை' என்னும் இயல் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. எதிரியின் பதுங்குகுழி விளிம்பில் வெயில் காயும் பூனையொன்றை நோட்டக்காரர் தொலைநோக்கியில் காண்கிறார். பூனை வளர்க்கத்தக்க வசதியுடைய அதிகாரிகள் அங்குத் தங்கியிருக்க வேண்டும் என்னும் உய்த்துணர்வு பிறக்கிறது. அவ்விடம் பீரங்கித் தாக்குதலுக்கு இலக்காகிறது. நூலாசிரியர் இதனை நோட்டக்கலையின் வெற்றியாக எடுத்துரைக்கிறார். அவ்வகையில் அது ஐயமற்ற வெற்றியே. ஆனால் வாசகர் மனத்தில் எஞ்சுவது பிறிதொன்று. போரின் நடுவே எஞ்சியிருந்த வீட்டு வாழ்வின் ஒரே அடையாளம், அதனைப் பேணியவர்களைக் காட்டிக்கொடுக்கும் தடயமாக மாறுகிறது. இம்முரணை நூல் நம் கண்முன் வைக்கிறது. அதன் எடையை நூல் நிறுத்துப் பார்ப்பதில்லை.

நூலாசிரியரின் நிலையிலிருந்து இதற்கு மறுப்பு எழக்கூடும். தம் பக்கத்து வீரர்கள் நாள்தோறும் வீழ்வதைக் கண்டவர் எதிரியின் முகத்தை நினைத்துத் தயங்க இடமில்லை என்பது அம்மறுப்பு. 1915ஆம் ஆண்டின் களத்தில் அது வலுவான வாதமாகும். நூல் வெளிவந்ததோ போர் ஓய்ந்த பின்னர். செயலின் கணத்தில் தேவைப்பட்ட மனக்கட்டுப்பாடு, நினைவுகூரும் கணத்திலும் மாற்றமின்றித் தொடர்வதே ஈண்டுத் திறனாய்வுக்குரிய செய்தியாகிறது.

முடிவுரை

தெளிவாகத் தெரிவதனாலேயே காட்சியை நம்பலாகாது, சுட்டுச் சோதித்துத் திருத்திய பின்னரே நம்ப வேண்டும் என்பது 'ஸ்னைப்பிங் இன் பிரான்ஸ்' கருவியைப் பற்றிக் கற்பிக்கும் பாடம். குழலுக்கும் கண்ணுக்கும் இடையிலான விலகலை இத்துணை நேர்மையுடன் ஆராய்ந்த நூல், கண்ணுக்கும் காணப்படும் மனிதனுக்கும் இடையிலான விலகலை ஆராயவில்லை. இதனால் நூலின் மதிப்பு குன்றிவிடாது. தொழில்நுட்பக் கவனமும் அறக்கவனமும் ஒன்று மற்றொன்றைத் தானாகவே ஈன்றுவிடுவதில்லை என்பதற்கு அது நம்பத்தகுந்த ஆவணமாக நிற்கிறது. போர் நினைவுக் குறிப்புகளை ஆராய்வோர் அவற்றின் நிகழ்வுகளோடு கருவி வருணனைகளையும் இணைத்து வாசிப்பது பயன்தரும். ஆசிரியர் எதனைச் சோதித்தார், எதனைச் சோதிக்காமல் விட்டார் என்பதை அவ்வருணனைகளே தெளிவாகக் காட்டுகின்றன.